கரும்பலகையும் கறிச்சட்டியும்



"டீச்சர் வேலைக்கு என்ன? பாதி நாள் வேலை, முழு மாதச் சம்பளம்!" இப்படிச் சொல்லக் கேட்காத ஆசிரியை நம் நாட்டில் இருக்க முடியாது. தோட்டத்துக் கடையில் சொல்வார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்வார். சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பகல் ஒரு மணிக்கு மணி அடித்ததும் குடையை விரித்துக்கொண்டு பள்ளியை விட்டு வெளியே வரும் டீச்சரைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அவர் கைப்பையில் கனக்கும் பயிற்சிப் புத்தகங்களையும், வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும் வெறும் சட்டியையும் யார் பார்க்கிறார்கள்?

தொடக்கப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படித்துக் கொடுத்தவள் நான். மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். மாமியாரும் எங்களோடுதான் இருந்தார். "பள்ளியையும் அடுப்பையும் எப்படி டீச்சர் சமாளித்தீர்கள்?" என்று இளம் ஆசிரியைகள் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதிலை இங்கே எழுதுகிறேன். ஆனால் இது ஆசிரியைகளுக்கு மட்டும் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பால்மரம் வெட்டப் போகும் தாய்க்கும், செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் தாய்க்கும், தொழிற்சாலை பஸ் ஏறும் தாய்க்கும் பசி என்பது ஒரே நேரத்தில்தான் வந்து நிற்கிறது. வேலை வேறு, சோற்றுப் பானை ஒன்றே!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

முதலில் அந்தப் "பாதி நாள்" கணக்கைப் பார்த்துவிடுவோம். வகுப்பில் 35 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், மலாய், கணிதம், அறிவியல் என்று ஒரு நாளைக்கு நான்கு புத்தகங்கள் திருத்த வேண்டுமானால் 140 புத்தகங்கள். புத்தகத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் 2 மணி 20 நிமிடம் ஆகிறது. ஒரு நிமிடத்தில் என்ன பார்க்க முடியும்? ஒற்றெழுத்து விடுபட்டதைப் பார்க்கலாம். ஏன் விட்டான் என்று யோசிக்க முடியாது. யோசித்தால் இன்னும் ஒரு நிமிடம்.

அதன்பின் மறுநாளுக்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டும். மணிலா அட்டையில் சொல்லட்டை வெட்ட வேண்டும். சிறிய தோட்டப் பள்ளிகளின் கதையோ தனிக் கதை. 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பார்கள். பிள்ளைகள் மிகவும் குறைந்துபோன இடங்களில் இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஒரே கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் ஒரு பாடம், அந்தப் பக்கம் ஒரு பாடம் நடத்திய ஆசிரியர்கள் நம்மிடையே எத்தனையோ பேர்!

1983இல் கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் நாடு முழுவதும் வந்தது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குக் குறைநீக்கல் பயிற்சி, விரைவாகப் படிக்கும் பிள்ளைக்கு வளப்படுத்தும் பயிற்சி என்று தனித்தனியாகத் தயாரித்தோம். பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் இரவு விளக்கு அணைவது ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. 1988இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தபின் ஆறாம் ஆண்டுக்குப் பிற்பகல் வகுப்புகளும் சேர்ந்துகொண்டன. 2021இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளையின் எழுத்தைப் பார்த்துத் திருத்தும் வேலையை யாராலும் எடுத்துவிட முடியாது, இல்லையா?

ஆக, பள்ளி மணியோடு வேலை முடிவதில்லை. அதன் மறு பாதி வீட்டுக்கு வருகிறது, அதுவும் சரியாகச் சமையல் நேரத்தில்! "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்ற பழமொழி யாருக்காகப் பிறந்ததோ, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

நமக்கு முன்னே எழுந்தவர்கள்

இந்தச் சிக்கல் படித்துப் பட்டம் வாங்கிய பெண்களோடு வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வேலைக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடிய முதல் பெண்கள் நம் தோட்டத்துத் தாய்மார்கள்தாம். என் தாயாரும் அவர்களில் ஒருவர்.

பால்மரத்தை ஏன் விடியும் முன்னே வெட்டுகிறோம்? வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விட்டுவிடும். பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும். குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக ஓடும். மரத்துக்கு ஏற்ற நேரம் அது. ஆனால் அடுப்புக்கும் பிள்ளைக்கும் அதே நேரம்தானே! பெரட்டுக்குப் பெயர் கொடுக்கும் முன் சோறு வெந்திருக்க வேண்டும். அதனால்தான் லயத்து வீடுகளில் விடியற்காலை நான்கு மணிக்கே புகை எழுந்தது.

என் தாயார் அந்த நேரத்தில் காய் நறுக்கி நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் இரவே விளக்கடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்து, கருவாட்டைக் கழுவி, புளியை ஊறப்போட்டு, குடத்தில் தண்ணீர் நிரப்பி, காய்ந்த ரப்பர் விறகை அடுப்போரம் அடுக்கி வைத்துவிடுவார். காலையில் தீ மூட்டுவது ஒன்றுதான் மிச்சம். ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் புளிக்குழம்பு. தேங்காய்ப்பால் விட்ட கறியை வேலை நாளில் வைக்க மாட்டார். "பால் ஊத்துனது பகலுக்குள்ள கெட்டுப் போகும், புளி ஊத்துனது நிக்கும்" என்பார். புளிப்பில் கிருமி எளிதில் பெருகாது என்பதை நான் பின்னாளில் புத்தகத்தில் படித்தேன். அவர் சட்டியிலிருந்து படித்தார்.

நான் ஆசிரியையாகி வீட்டை நடத்தத் தொடங்கியபோது எந்தச் சமையல் புத்தகத்தையும் தேடிப் போகவில்லை. என் தாயாரின் மூன்று வழக்கங்களையே கைக்கொண்டேன். காலை வேலையை இரவுக்குத் தள்ளு. வேலை நாளுக்கு ஒரு குழம்பு, ஒரு காய் போதும். எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்து ஆக்கு. இந்த மூன்றும் விறகடுப்புக்குப் பொருந்தின. கேஸ் அடுப்புக்கும் பொருந்துகின்றன.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்

இனி வேலைக்கு வருவோம். வாரம் முழுவதும் நம்மைக் காப்பாற்றுவது ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குப் போய் வந்தபின் ஒதுக்கும் இரண்டு மணி நேரம்தான்.

அரை கிலோ பெரிய வெங்காயம், நூறு கிராம் இஞ்சி, நூறு கிராம் பூண்டு. இவற்றை அரைத்து, எண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்கி, ஆறியதும் ஐந்து சிறு டப்பாக்களில் போட்டு ஐஸ் பெட்டியின் மேல் தட்டில் உறைய வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டப்பா. பள்ளி விட்டு வந்து ஒரு டப்பாவை எடுத்துச் சட்டியில் போட்டு, கறித்தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றினால், மீனோ முட்டையோ உருளைக்கிழங்கோ எது போட்டாலும் அரை மணி நேரத்தில் குழம்பு கொதித்துவிடும்.

அடுத்தது நம் நாட்டுக்கே உரிய நெத்திலிச் சம்பல். காய்ந்த மிளகாய் 20 எடுத்து விதை நீக்கி ஊறவையுங்கள். அதோடு சின்ன வெங்காயம் 15, பூண்டு 5 பல், கட்டைவிரல் நகம் அளவு பெலாச்சான் சேர்த்து அரைத்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை மெதுவாகக் கிளறுங்கள். நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், ஒரு தேக்கரண்டி சீனி, உப்பு சேர்த்து இறக்குங்கள். நூறு கிராம் நெத்திலியைத் தனியாகப் பொரித்துத் தனி டப்பாவில் வையுங்கள். இரண்டையும் முதலிலேயே கலந்துவிட்டால் நெத்திலி நமத்துப் போகும். சம்பல் ஐஸ் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். சுடுசோற்றில் இது ஒரு கரண்டி, வெள்ளரிக்காய் நான்கு துண்டு, ஓர் அவித்த முட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு வேறு என்ன வேண்டும்?

மூன்றாவது தோசை மாவு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நம் ஊர் வெக்கைக்கு இரவு வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். பொங்கியதும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் புளித்து முகத்தைச் சுளிக்க வைக்கும்.

மீனைக் கழுவி, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து உறைய வையுங்கள். கங்கூங் கீரையை மட்டும் முன்கூட்டியே வெட்டி வைக்காதீர்கள், கறுத்துப் போகும். மைசூர்ப் பருப்பு ஊறவைக்கத் தேவையில்லாதது. இருபது நிமிடத்தில் மசிந்துவிடும். அதைச் செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கூட்டத்துக்கென்றே வைத்திருப்பேன்! கூட்டம் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்?

சமைத்ததைப் பத்திரப்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. மிஞ்சிய சோற்றைச் சட்டியோடு மேசையில் விட்டுவிட்டு இரவில் மறுபடி சூடாக்கிச் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சோற்றில் தங்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது பெருகி நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே ஆக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சோற்றை ஐஸ் பெட்டியில் வையுங்கள். இல்லையேல் மின்சாரச் சோற்றுப் பானையைச் சூடு காக்கும் நிலையிலேயே விட்டு வையுங்கள். காலையில் ஆக்கிப் பகலில் சாப்பிடும் வீடுகளுக்கு இது முக்கியம்.

மின்சாரச் சோற்றுப் பானை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1955இல் ஜப்பானில் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதைவிட நல்ல தோழி கிடையாது. அடுப்பருகே நின்று கஞ்சி பொங்கி வழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணியில் முப்பது புத்தகம் திருத்திவிடலாமே!

வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை

என் வீட்டுச் சமையலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஓர் ஆசிரியைக்கு வகுப்பில் இருக்கும் வயிறுகளும் கண்ணில் படுகின்றன.

காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடச் சபை கூடல். எட்டரைக்குள் சில பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். முதலில் தூக்கக் கலக்கம் என்றுதான் தோன்றும். "பசியாறினியாடா?" என்று கேட்டால், "வரக்கோப்பி குடிச்சேன் டீச்சர்" என்று பதில் வரும். வரக்கோப்பியும் இரண்டு பிஸ்கட்டும் போட்டுவிட்டு ஐந்து பாடவேளைகள் உட்கார வேண்டுமென்றால் பெரியவர்களாலேயே முடியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி முடியும்? ஓய்வுவேளை மணி அடிக்கும்வரை அவன் காதில் விழுவது பெருக்கல் வாய்ப்பாடு அல்ல, வயிற்றின் சத்தம்தான்.

தாய்மாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஐந்து மணிக்கு வீட்டை விட்டுப் போகிறவள் ஆறரைக்கு எழுகிற பிள்ளைக்கு எப்படி ஊட்டுவாள்? அதனால்தான் இரவு ஏற்பாடு வேண்டும் என்கிறேன். முட்டையை இரவிலேயே அவித்து ஐஸ் பெட்டியில் வைக்கலாம். ரொட்டியில் கச்சான் வெண்ணெய் தடவி மூடி வைக்கலாம். காலையில் நாம் சாப்பிடச் சுடும் தோசையில் இரண்டைக் கூடுதலாகச் சுட்டு மூடிவிட்டுப் போகலாம். அரசாங்கத்தின் கூடுதல் உணவுத் திட்டம், பள்ளியில் ஆர்.எம்.டி. என்பது, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் உணவு கொடுக்கிறது. அதற்குத் தகுதி உள்ள பெற்றோர் சிலர் கூச்சப்பட்டுக்கொண்டு பாரத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். கூச்சம் எதற்கு? நாம் உழைத்துக் கட்டிய நாட்டின் சோறு அது. தாராளமாகக் கேட்டு வாங்குங்கள்.

மூத்த பெண்ணின் தலையில் சட்டி

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஐந்தாம் ஆண்டில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. பின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்னே கையைத் தூக்குவாள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அவள் இடம் காலியாகக் கிடக்கும். சில வாரம் இரண்டு நாள். காய்ச்சல் என்று கடிதம் வரும். அத்தனை காய்ச்சல் வந்த பிள்ளை அத்தனை தெம்பாக எப்படி இருப்பாள்? ஒரு நாள் பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன்.

அடுப்படியில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. இடுப்பில் தம்பி. சற்று நேரத்தில் அவள் தாயார் வேலை முடிந்து வந்தார். என்னைக் கண்டதும் பதறிப் போய், "உக்காருங்க டீச்சர்" என்று பெஞ்சைத் துடைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன செய்யட்டும் டீச்சர்? நானும் அவரும் வேலைக்குப் போனாத்தான் வண்டி ஓடுது. சின்னவனுக்கு உடம்பு சரியில்லாத அன்னிக்கு வீட்டுல ஆள் வேணுமில்ல? பொட்டப் புள்ளதானே, சோறாக்கப் பழகிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மூத்தவன் ஒருத்தன் இருக்கானே அம்மா, இடைநிலைப் பள்ளி போறவன்?"

"அவன் ஆம்பளப் புள்ள, டீச்சர்!"

அந்த அம்மாவிடம் நான் வாதம் செய்யவில்லை. உடம்பு நோகும்வரை உழைத்துவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் வாதம் செய்வது முறையல்ல. அவருடைய நாளை அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். குழம்பை இரவிலேயே வைத்துவிடலாமா? வைக்கலாம். அரிசியைக் கழுவி அடுப்பில் வைக்க எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு மூத்தவன் போதாதா? காய்ச்சல் அடிக்கும் நாளில் சின்னவனைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட முடியுமா? முடியும் என்றார். ஒரு பெண் பிள்ளையின் ஒரு நாள் படிப்புக்கு எதிரே தராசில் வைத்துப் பார்த்தால் இருந்தது அவ்வளவுதான்: பத்து நிமிடம், ஒரு கை அரிசி, ஒரு பாட்டி.

அந்த ஆண்டில் அதன்பிறகு அவள் வராத நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்கும் போனாள்.

சகோதரிகளே, நம் சமுதாயத்தில் எத்தனை மூத்த பெண்கள் இப்படி அடுப்படியிலேயே நின்றுவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களைப் படிக்க விடாமல் தடுத்தது யாருடைய கொடுமையும் அல்ல. சமையல் என்றால் அது வீட்டில் உள்ள ஒரு பெண்ணின் வேலை என்ற எண்ணம்தான். தாய் இருந்தால் தாய். தாய் வேலைக்குப் போனால் மூத்த மகள். தலை மாறுகிறது, சட்டி இறங்குவதில்லை!

1960களில் நம் நாட்டுப் பெண் ஆசிரியர்கள் ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ராசம்மா பூபாலன். இளம் வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்துத் தலைமை ஏற்றவர். செய்யும் வேலை ஒன்று என்றால் கூலியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அவர்கள் கேட்டது கிடைத்தது. அதன் பலனை என்னைப் போன்றவர்கள் மாதா மாதம் கையில் வாங்கினோம். சம்பளத்தில் சமம் வந்தது. அடுப்படியில் இன்னும் வரவில்லை. அதற்கு ஊர்வலம் போக வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கடமைப் பட்டியல்

வகுப்பறையில் கடமைப் பட்டியல் ஒன்று தொங்குமே, பார்த்திருப்பீர்கள். திங்கள் பெருக்குபவர் இன்னார், செவ்வாய் கரும்பலகை துடைப்பவர் இன்னார் என்று. பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுத்ததும் அதே போன்ற ஒன்றை எழுதி எங்கள் அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். என் கணவர் பெயரும் அதில் உண்டு! பாசாருக்குப் போவது, மீன் கழுவுவது, தேங்காய் துருவுவது அவர் பங்கு. மூத்த மகன் அரிசி கழுவிப் பானையில் போட வேண்டும். மகள் மேசை எடுத்து வைக்க வேண்டும். கடைக்குட்டி வெங்காயமும் பூண்டும் உரிக்க வேண்டும். மங்கு கழுவும் வேலை வாரத்துக்கு ஒருவர்.

என் மாமியாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "ஆம்பளப் புள்ளைய அடுப்பங்கரையில நிறுத்துறியே, ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

"கல்யாணத்துல ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுற பண்டாரி ஆம்பளதானே அத்தை? அவரை ஊர் ஏதாவது சொல்லுதா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். அடுத்த வாரமே பேரனுக்கு ரசம் தாளிக்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான்.

பிள்ளைகளை அடுப்படிக்கு அழைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அங்கே பாடம் தானாக நடக்கிறது. "ஆளுக்கு அரை டின் அரிசி என்றால் ஐந்து பேருக்கு எத்தனை டின்?" என்று கேளுங்கள். பால் டின்னால் அளந்து பார்த்த பிள்ளைக்கு இரண்டரை என்றால் என்ன என்று கரும்பலகையில் விளக்க வேண்டியதில்லை. பாட்டி சொல்லும் கட்டி, தாயில் கணக்கையும் கடைக்காரர் சொல்லும் கிலோ கணக்கையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். கறித்தூள் பொட்டலத்தில் மலாய் மொழியில் எழுதியிருப்பதைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இதற்குத் தனி டியூஷன் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை!

பிள்ளை கழுவிய அரிசியில் ஒரு கல் இருக்கலாம். மகன் நறுக்கிய வெங்காயம் கோணல்மாணலாக இருக்கலாம். அப்போது வாயைத் திறக்காதீர்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுதும் "அ" கோணலாக இருக்கிறது என்று நாம் பென்சிலைப் பிடுங்கிக்கொள்கிறோமா? அதே பொறுமை இங்கேயும் வேண்டும்.

முடியாத நாளும் உண்டு

எவ்வளவு திட்டம் போட்டாலும் சில நாள்களில் எதுவும் நடக்காது. விளையாட்டுப் போட்டி நாள், தேர்வுத்தாள் திருத்தும் வாரம், நமக்கே தலை சுற்றும் நாள். அன்றைக்கு ரசம், அப்பளம், ஆளுக்கொரு முட்டைப் பொரியல் போதும். இல்லையென்றால் சாடின் டின்னைத் திறந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டி, எலுமிச்சம் பழம் பிழிந்து வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒட்டுக்கடையில் மீ வாங்கி வந்து எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. "டீச்சர் வீட்டில் கடைச் சாப்பாடு" என்று பேசுபவர்கள் பேசட்டும். அடுப்பு எரிந்ததா என்று பார்க்கும் ஊர், அம்மாவின் முகம் எரிந்ததா என்று பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஐந்து வகைக் கறியைவிட, கோபம் இல்லாமல் பரிமாறும் தாய் பெரிது.

அதே நேரத்தில், கடைச் சாப்பாடே வழக்கமாகிவிடக் கூடாது. பணம் கரைவது ஒரு பக்கம். உப்பும் எண்ணெயும் சீனியும் நம் கையில் இல்லாமல் போவது இன்னொரு பக்கம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் வீடுகளில் எத்தனை பேரைப் படுக்க வைத்திருக்கின்றன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இளம் ஆசிரியைகளுக்குச் சொல்கிறேன்: திருத்தும் புத்தகங்களுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சட்டியைக் கிளறிக்கொண்டே புத்தகம் திருத்தாதீர்கள். குழம்பும் அடிப்பிடிக்கும், மதிப்பெண்ணும் தவறும். வீட்டாருக்குச் சொல்கிறேன்: அவர் திருத்த உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் அடுப்படி உங்களுடையது. தோட்டத்துத் தாய்மாருக்குச் சொல்கிறேன்: உங்கள் மகள் சமைக்கப் பழகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பள்ளி நேரத்தில் அல்ல, தனியாகவும் அல்ல. மகனையும் பக்கத்தில் நிறுத்துங்கள். நாளைக்கு அவன் மனைவி உங்களை வாழ்த்துவாள்.

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடுப்படி வேலை ஒன்றை எழுதி, கோந்து தடவி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். எந்தப் பெயரும் விடுபடக் கூடாது. ஒட்டுவீர்களா?